ஒன்றேகால் வோல்ட்

எண்பதைக் கடந்த நம் தந்தையாருக்குக் கண்பார்வை மங்கிய பின்னர் வானொலி ஒன்றே உற்ற துணை. நான்கு பேட்டரிக் கட்டைகளில், அதாவது 6 வோல்ட்டில், இயங்கும் பழைய பெட்டி அது. கட்டைகள் விரைவில் தீர்ந்துபோவதைக் கண்டு, மலிவான அடாப்டர் ஒன்றை வாங்கி இணைத்தோம். மத்திய அலை முழுவதும் இரைச்சல். செய்தி வாசிப்பவரின் குரல் வண்டுக் கூட்டத்தினூடே வருவதுபோல் வந்தது. அவ்வகை அடாப்டர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருபவையாம். அவ்வெட்டையும் வானொலி வாங்கி ஒலிக்கிறதாம். இயற்பியல் துறை நண்பர் விளக்கியது இது. "மின்மாற்றி உள்ள பழைய 12 வோல்ட் அடாப்டரும் ஓர் எல்.எம். 317-உம் போதும் ஐயா" என்று வழியும் சொன்னார்.

1976-இல் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் வடிவமைத்த மூன்று கால் சில்லு அது. அது காக்கும் நெறி ஒன்றே: வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட் நிற்கவேண்டும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என வகுப்பில் மாத்திரை சொல்லும் நமக்கு இது எளிதில் விளங்கிற்று. அளவு ஒன்று உறுதியாக நின்றால் ஏனையவை அதனின்று பிறக்கும்.

அவ்விரு கால்களுக்கிடையே 120 ஓம் தடை இட்டால் 10.4 மில்லியாம்பியர் ஓடும். வானொலியை அணைத்திருக்கும்போதும் சில்லு நிலைகுலையாதிருக்க அவ்வளவு ஓட்டம் நன்று. அதே ஓட்டம் இரண்டாம் தடை வழியே தரைக்கு இறங்குகிறது. 6 வோல்ட் வேண்டுமெனில் எஞ்சிய 4.75-ஐ அத்தடை ஏற்கவேண்டும். கணக்கில் வருவது 456 ஓம், கடையில் கிடைப்பது 470. அதனால் வெளியீடு ஏறத்தாழ 6.17 ஆகும். புதிய கட்டைகள் நான்கும் 6-க்குச் சற்று மேலேதான் தரும் என்பதால் பிழையில்லை.

ஆயினும் துல்லியத்தின்மீது நமக்கோர் ஆசை. 470-க்கு மாற்றாக 1 கிலோஓம் மாறுதடை வைத்தோம். திருகித் திருகி மீட்டரில் சரியாக 6.00 கண்டு மகிழ்ந்தோம். வானொலியின் கம்பியைக் கையில் எடுத்த வேளையில் விரல் திருகைத் தொட்டது. மீட்டர் 14-க்குத் தாவிற்று. மாறுதடையின் உள்ளே நகரும் முனை தன் தடத்தை விட்டு எழும்பியிருந்தது. தரைக்கு வழியற்றுப்போன சில்லு, 1.25-ஐத் தேடித் தன்னால் இயன்ற எல்லை வரை ஏறிவிட்டது. பளு குறைந்த நிலையில் 12 என்று எழுதிய அப்பழைய அடாப்டர் 16 வரை தந்துகொண்டிருந்தது வேறு. இணைத்த பின் இது நேர்ந்திருந்தால்? அவ்வறையில் எஞ்சியிருக்கும் மௌனத்தை எண்ணிப் பார்த்தோம்.

மாறுதடையைக் கழற்றிவிட்டு 470 ஓமையே ஈயமிட்டுப் பற்றவைத்தோம். பலகையை அசைத்தும் தட்டியும் பார்த்தோம். ஒரு மணி நேரம் மீட்டர் 6.1-ஐ விட்டு நகரவில்லை. அதன் பிறகே இணைத்தோம்.

இரைச்சலின்றி எழுந்த குரலைச் சற்று நேரம் கேட்டிருந்த தந்தையார், "கட்டை மாற்றினாயா, தம்பி?" என்றார்.

"ஆம் அப்பா, இது தீராத கட்டை" என்றோம்.