கேட்டதைக் கேட்டபடி

ஹதீஸ் கலை பயின்றவர்கள் 'ரிவாயத்' என்னும் சொல்லை நன்கு அறிவார்கள். ஒருவர் தாம் கேட்ட செய்தியைப் பிறருக்கு எடுத்துரைப்பது ரிவாயத், எடுத்துரைப்பவர் ராவி. கேட்ட சொற்களைக் கூட்டாமலும் குறைக்காமலும் அப்படியே சொல்வது 'ரிவாயத் பில்லஃப்ளு'. பொருள் மாறாமல் தம் சொற்களிற் சொல்வது 'ரிவாயத் பில்மஃனா'. மொழியறிவும் பொறுப்பும் உடையவர் இரண்டாம் முறையில் சொன்னால் அதனை ஏற்றுக்கொண்ட அறிஞர் பலர். ஆயினும் முதல் முறையின் சிறப்பை மறுத்தவர் எவருமிலர். மத்ரஸாவின் பாயில் அமர்ந்து படித்த இந்தப் பாடம், ஐம்பத்தாறாம் வயதில் வீட்டுக் கணிப்பொறிக்கு எந்த இயங்குதளம் பொருந்தும் என்று முடிவுசெய்ய எனக்குத் துணைசெய்தது. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துபாயில் பணிபுரியும் என் மூத்த மகன் சென்ற விடுமுறையில் வந்தபோது, உயர்தரமான ஓர் ஆம்ப்ளிஃபயரும், இரண்டு ஸ்பீக்கர்களும், 'டாக்' என்று சுருக்கமாக வழங்கும் ஒரு சிறு பெட்டியும் கொண்டுவந்தான். கணிப்பொறியில் எண்களாகக் கிடக்கும் ஒலியை மின்னலையாக மாற்றித் தருவது அப்பெட்டியின் வேலை. "வாப்பா, உப்பாவோட கேசட்டையெல்லாம் இனி இதிலே கேளுங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

தக்கலையில் பீர் முகம்மது அப்பா அவர்களின் தர்காவில், ரஜப் மாதத்தில் விடிய விடிய ஞானப்புகழ்ச்சி பாடப்படுவதை நாஞ்சில் நாட்டார் அறிவர். 1980களில் ஓராண்டு, அந்த இரவுக்கு முன்னதாக, மர்ஹூம் என் தகப்பனார் தம் கூட்டாளிகளோடு எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடிப் பார்த்ததை ஒரு டேப்ரிக்கார்டர் பதிந்து வைத்தது. அவர்களுடைய குரல் வேறெங்கும் இல்லை. அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. நாடா தேய்ந்து ஒலி மங்கிவந்ததால், என் பழைய மாணவர் ஒருவரைக்கொண்டு அதனைக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருந்தேன். இசைக்கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டினுள் நான் இங்கே புகவில்லை. எங்கள் வீட்டில் ஒலிப்பவை பெரும்பாலும் காரீகளின் ஓதலும் புலவர்களின் பாடலுமே.

என் கணிப்பொறியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்தது. அதற்கு அடுத்துள்ள 11ஐ ஏற்கும் தகுதி என் பழைய பொறிக்கு இல்லை. நாகர்கோவிலில் விசாரித்தபோது, புதிய பொறி வாங்கிவிடுங்கள் என்றார் கடைக்காரர். ஆப்பிள் வாங்குங்கள், ஒலி இனிமையாக இருக்கும் என்று தொலைபேசியில் வற்புறுத்தினான் மகன். "உஸ்தாத், காசே வேண்டாம், இதே பெட்டியில் லினக்ஸ் போட்டுத் தருகிறேன்" என்றார் மாணவர். முதல் இரண்டு யோசனைகளில் எதை ஏற்றாலும், ஓர் ஆசிரியனின் சேமிப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். இயங்குதளம் மாறினால் ஒலி இனிக்குமா? இதனை அறியாமல் பணத்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் நாம் பயன்படுத்தும் செயலிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை நிரல். பாடல் கோப்பிலுள்ள எண்களை வாங்கி டாக்கினிடம் சேர்ப்பதும் அதன் பொறுப்பே. ஆகவே அது ஒரு ராவி. தனக்கென்று ஒரு குரல் அதற்குத் தேவையில்லை. வாங்கியதை வாங்கியபடி ஒப்படைக்கிறதா என்பதொன்றே கேள்வி.

இங்கே சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். குறுந்தகட்டின் முறைப்படி பதிந்த ஒலியில், ஒரு நொடிக்கு ஒவ்வொரு பக்கத்திற்கும் 44,100 எண்கள் உள்ளன. என் கேசட்டும் அவ்வளவிலேயே ஏற்றப்பட்டது. ஆனால் பல கணிப்பொறிகள் நொடிக்கு 48,000 என்னும் அளவில் அமைக்கப்பட்டே வருகின்றன. அந்நிலையில் இயங்குதளம், பாடலையும் மற்றச் செயலிகளின் மணியோசைகளையும் ஒரே அளவுக்குக் கொணர்ந்து கலந்து அனுப்புகிறது. 44,100ஐ 48,000 ஆக்குவதென்றால், 147 எண்கள் இருந்த இடத்தில் 160 எண்களை அமைக்க வேண்டும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பதிவில் இல்லாதவை. அண்டை எண்களைக்கொண்டு கணக்கிட்டு இட்டவை. பொருள் கெடவில்லை, சொல் மாறிவிட்டது. ரிவாயத் பில்மஃனா என்று நான் சொன்னது இதனைத்தான்.

இனி மூன்று தளங்களையும் நோக்குவோம். விண்டோஸ் தானாக விட்டால் மேற்சொன்னவாறு கலந்தே அனுப்பும். ஆயினும் விஸ்டா காலந்தொட்டு, ஒரு செயலி மட்டும் டாக்கைத் தனக்கே உரிமையாக்கிக்கொண்டு எண்களை நேரே அனுப்பும் வழி அதில் உண்டு. ஃபூபார் 2000 போன்ற இலவசச் செயலிகளில் அதனை அமைத்துக்கொள்ளலாம். ஆப்பிளின் மேக் பொறியில் ஒலியின் அளவைக் குறிப்பதற்கென்றே ஒரு சிறு செயலி உடன் வருகிறது. அளவைப் பாட்டுக்கேற்பத் தாமே மாற்றிக்கொள்ளும் இசைச் செயலிகளும் கிடைக்கின்றன. லினக்ஸில் 'அல்ஸா' என்னும் ஒலிப்பகுதி கருநிரலினுள்ளேயே அமைந்திருக்கிறது. அதற்கு மேலே கலக்கும் அடுக்கு ஒன்று இருந்தாலும், அதனை விலக்கிவிட்டு நேரே டாக்கிற்கு அனுப்பச் செயலிக்கு இடமுண்டு. 2003 முதல் வழங்கிவரும் 'எம்பிடி' என்னும் செயலியை இவ்வாறு அமைக்கலாம். ஆக, நேர்மையாக நடக்க மூன்றுக்கும் இயலும்; அவ்வாறு நடக்கும்படி அமைப்பதுதான் நம் வேலை.

"எண்கள் ஒன்றாயினும், அனுப்பும் காலக்கணக்கில் வேறுபாடு வராதா?" என்று அன்பர்கள் வினவலாம். நல்ல வினா. இக்காலத்து யுஎஸ்பி டாக்குகளிற் பெரும்பாலானவை, தம்முள் உள்ள கடிகாரத்தையே பின்பற்றி, வேண்டும் அளவுக்கு எண்களைக் கணிப்பொறியிடம் கேட்டு வாங்குகின்றன. தாளம் போடுவது டாக்; கணிப்பொறி அதற்கு எடுத்துக்கொடுப்பது மட்டுமே.

நூலறிவோடு நில்லாமல் செவியையும் சோதிக்க விரும்பினேன். 1961இல் எகிப்தில் வெளிவந்த முழுக் குர்ஆன் ஒலிப்பதிவில் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் ஓதலை அறியாதவர் யார்? ஸீனும் ஸாதும் வேறுபடும் நுட்பத்தை மாணவர்க்கு உணர்த்த நான் பல்லாண்டுகளாகக் கையாளும் ஓதல் அது. ஓர் இரவு இஷாவுக்குப் பின், மாணவர் விண்டோஸ் உள்ள தம் மடிக்கணினியைக் கடையில் வாங்கிய அமைப்பிலேயே கொண்டுவந்தார். என் பழைய பொறியில் லினக்ஸை நேர்வழியில் அமைத்தார். ஒலியளவை இரண்டிற்கும் ஒன்றாக வைத்து, டாக்கின் கம்பியை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றி மாற்றிப் பத்து முறை ஒலிக்கச் செய்தார். நான் சுவரை நோக்கி அமர்ந்து, எது எதுவென்று சொன்னேன். ஐந்து முறை சரியாக இருந்தது. ஐந்து முறை தவறிற்று. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே விடைதான் கிடைத்திருக்கும். என் ஒரு செவியின் சான்று உலகத்திற்கு ஃபத்வா ஆகாது. என் பணத்தைக் காக்க அது போதும்.

செவி திண்ணமாக உணர்ந்த வேறுபாடுகள் பிறவிடங்களில் இருந்தன. ஓதலின் நடுவே மடிக்கணினியில் அஞ்சல் வந்ததாக ஒரு மணி ஒலித்தது. அந்த ஒரு மணி 160 எண்களின் கலப்பைவிடக் கொடிது. கணிப்பொறியின் உள்ளே சுழலும் விசிறியின் இரைச்சல், மெல்லிய இடங்களை மூடிற்று. எம்பிடியைக் கைபேசியிலிருந்தே இயக்கலாமாதலின், பொறியை அடுத்த அறைக்கு மாற்றினோம். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கணிப்பொறியில் செய்யாமல் ஆம்ப்ளிஃபயரிலேயே செய்யும்படி வைத்தோம். தொடர்ந்து பாடும் பாட்டு இரண்டு கோப்புகளாக வெட்டப்பட்டிருந்தால், எம்பி3 முறையில் அவற்றின் இடையே ஒரு சிறு மௌனம் விழக்கூடும். எதையும் இழக்காமல் சுருக்கும் 'ஃப்ளாக்' முறையில் கோப்புகளை வைத்ததும், பாடுவோரின் மூச்சு இடையறாமல் தொடர்ந்தது.

முடிவில், என் பழைய பொறியிலேயே லினக்ஸை நிலைநிறுத்தினேன். செலவு சில மணி நேரமே. அதன் ஒலி இனியதென்று நான் கூறவில்லை. நேராக ஒப்படைக்கிறது, குறுக்கே பேசுவதில்லை, புதிய பெட்டி கேட்பதில்லை. இதனை அயல்நாட்டுப் புதுமையென்று அஞ்ச வேண்டுவதுமில்லை. 2011இல் தொடங்கித் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸும் இருந்தது. எல்லைக்கு அப்பால் கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் பயில்வதும் லினக்ஸ் வகையே.

ஆயினும் எல்லா வீட்டிற்கும் இதுவே தீர்ப்பன்று. பிள்ளைகளின் பாடத்திற்கும் அலுவலுக்கும் விண்டோஸ் வேண்டியிருக்கும் வீட்டில் அதனையே வைத்துக்கொண்டு, நேர்வழியை மட்டும் அமைத்துக்கொள்க. மேக் ஏற்கெனவே இருந்தால் அதுவும் நன்று. டாக்கில் எண்காட்டி இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு: 44,100 அளவில் பதிந்த பாட்டை ஒலிக்கும்போது அதில் 44.1 என்று தெரிகிறதா என்று பாருங்கள். 48 என்று தெரிந்தால், இடையில் யாரோ தம் சொற்களில் எடுத்துரைக்கிறார்கள் என்று பொருள். ஓசை இனிக்கும் என்பதற்காகவே புதிய இயங்குதளத்திற்குப் பெரும்பொருள் கொடுப்பதை நான் இஸ்ராஃப் என்றே கருதுகிறேன்.

மிஞ்சிய பணத்தில் இரண்டு சேமிப்பு வட்டுகள் வாங்கினேன். வாப்பாவின் பதிவைப் படியெடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டிலும் மற்றொன்றைத் துபாயில் மகனிடமும் சேர்ப்பித்தேன். அந்தப் பதிவில் நாடாவின் இரைச்சல் இருக்கிறது, திண்ணைக்கு வெளியே பெய்த மழை இருக்கிறது, பாட்டின் நடுவே வாப்பா ஒருமுறை இருமுகிறார்கள். இவற்றையும் நீக்கித் தூய்மையாக்கித் தரட்டுமா என்று மாணவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.