சோதனைத் தளத்தில் ஒரு பனியன் பில்

12-9-2022, திங்கள்

ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களும் அக்டோபர் 1 முதல் வியாபாரிகளுக்கான பில்லை மின்னணு முறையில் பதிய வேண்டும் என்று உத்தரவாகிவிட்டபடியால், 2020-இல் 500 கோடிக்காரர்களோடு தொடங்கிய இந்தக் காரியம் இப்போது திருப்பூர் காதர்பேட்டையின் நடுத்தர பனியன் கம்பெனிகளையும் எட்டியிருக்கிறது. வாங்குகிறவர் சாம்பிளை அங்கீகரிக்காதவரை கட்டிங் மேஜையில் துணி விரிக்காத ஊர் இது. மாதிரிப் பில்களை அனுப்பிப் பார்ப்பதற்கென்றே தேசியத் தகவலியல் மையம் ஒரு சோதனைத் தளம் நடத்துவது அந்த சம்பிரதாயத்துக்கு மிகவும் இசைவானது. எங்கள் கம்பெனியின் பெயரில் பதிவு செய்து, பைத்தானில் ஒரு சிறு கிளையன்ட் நிரல் எழுதத் தொடங்கினேன்.

14-9-2022, புதன்

பயனர் பெயர், கடவுச்சொல், நாமே உண்டாக்கிய 32 பைட் சாவி ஆகியவற்றை அரசின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்பினால், சில மணி நேரமே செல்லுபடியாகும் டோக்கனும், நம் சாவியால் மட்டும் திறக்கக்கூடிய மற்றொரு சாவியும் வருகின்றன. பிறகு பில் விவரமெல்லாம் அந்த இரண்டாம் சாவியால் பூட்டப்பட்டே பிரயாணம் செய்கிறது. கொல்கத்தா வியாபாரிக்கு டி-ஷர்ட் விற்றதாக, 6109 என்ற சரக்குக் குறியீட்டோடும் 5 சதவிகித ஐ.ஜி.எஸ்.டி.யோடும் அனுப்பிய பில் ஏற்கப்பட்டு, 64 எழுத்து கொண்ட ஐ.ஆர்.என். என்னும் பில் பதிவு எண்ணும் க்யூ.ஆர். குறியீடும் வந்தபோது மனம் நிறைந்தது. வெளிமாநில விற்பனைக்கே உரிய அதே வரியை, நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் ஈரோட்டு வியாபாரிக்குப் போட்டு, தளம் என்ன சொல்லி மறுக்கிறது என்பதையும் பரீட்சித்துக் குறித்துக்கொண்டேன்.

17-9-2022, சனி

ஏற்கப்பட்ட பில்லையே இன்று மறுபடி அனுப்பினேன். 2150 என்ற பிழை எண்ணோடு திரும்பியது. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கிலிருந்தே ஐ.ஆர்.என். பிறப்பதால், ஒரு பில்லுக்கு இரண்டு எண் அமைய இடமில்லை. பதில் வந்து சேருமுன் இணையம் அறுந்துபோக, லாரி வாசலில் காத்திருக்கையில், பதற்றத்தில் ஒருவர் பில் எண்ணை மாற்றி அனுப்பிவிட்டால் ஒரே சரக்கு இரண்டு விற்பனையாகக் கணக்கேறிவிடும். ஆகையால், மறுப்பு வந்தவுடன் முதலில் பிறந்த ஐ.ஆர்.என். எண்ணைத் தானே கேட்டு வாங்கும்படி கிளையன்டை அமைத்தேன்.

சோதனைத் தளத்தில் வெற்றியைவிட மறுப்புகளையே அதிகம் பழக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பில் பதிவாகாமல் சரக்கு நகராது. சரக்கு நகராத கம்பெனியில் சனிக்கிழமைக் கூலி தடைப்படும். தையல் மெஷினில் அமர்ந்திருப்பவரின் வாராந்தர ஜீவனத்தைத் தொடுகிற காரியத்தில், ஒத்திகைக்குச் செலவிடும் காலம் ஒருபோதும் விரயமாகாது.