ஆற்றுக்கு எத்தனை டிஎம்சி?



ஒரு வாரமாக நம் வாட்ஸப் குழுக்களில் மேகதாது சண்டை ஓடுகிறது. பெங்களூரில் இருக்கும் பிள்ளைகள், "கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடப்பது எங்களுக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். கும்பகோணம் பக்கத்து உறவுகள், "குறுவைக்குத் தண்ணீர் வராத வருஷத்தில் இங்கே வந்து பாருங்கள்" என்கிறார்கள். என் மகள் வீட்டுக் குழாயில் வருவது காவிரி. என் மைத்துனர் திருவையாற்றில் நாற்று விடுவதும் அதே காவிரியை நம்பித்தான். இரண்டு பேருமே நம் வீட்டு மனிதர்கள். "வாத்தியார் தீர்ப்பு சொல்லட்டும்" என்று என்னை இழுத்துவிட்டீர்கள். தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. சமூக அறிவியல் நடத்தியவன், பாடம் நடத்துகிறேன். கடைசி பெஞ்சும் கவனிக்கவும்.

முதலில் கணக்கு. காவிரி நடுவர் மன்றம் 1990-ல் அமைந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு தந்தது. ஆண்டுக்கு 740 டிஎம்சி என்று வைத்துப் பங்கு பிரித்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கூட்டிப் பாருங்கள், 726 வரும். மீதி 14 எங்கே? அதில் 4 டிஎம்சி தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது. 10 டிஎம்சி சுற்றுச்சூழலுக்கு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் நம் பங்கை 404.25 ஆகக் குறைத்தது, கர்நாடகத்துக்கு 284.75 ஆக உயர்த்தியது. கூடுதலாகக் கொடுத்த 14.75-ல் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக. அந்தப் 10 டிஎம்சியில் மட்டும் கைவைக்கவில்லை.

நூறு குடம் தண்ணீரில் ஒன்றரைக் குடம்கூட இல்லை. ஆனாலும் ஆற்றுக்கென்று ஒரு பங்கு ஏட்டில் ஏறியதே, அது பெரிய விஷயம். நம் சண்டையில் யாருமே பேசாத எண்ணும் அதுதான்.

இப்போது மேகதாதுவுக்கு வருவோம். கன்னடத்தில் 'மேகே' என்றால் ஆடு, 'தாட்டு' என்றால் தாண்டுவது. ஆடு தாண்டும் அளவுக்கு ஆறு ஒடுங்கிப் பாறை இடுக்கில் பாயும் இடம். அங்கே 67.16 டிஎம்சி கொள்ளளவில் அணை கட்டுவது கர்நாடகத்தின் திட்டம். ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் காடு போகும். அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. யானை, நீர்நாய், சாம்பல் நிற மலை அணில் எல்லாம் வாழும் காடு.

ஆற்றுக்குள்ளே இன்னொரு குடிமகன் உண்டு. திமில் மாசீர் என்கிற கெண்டை இனத்துப் பெருமீன். 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு மாசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. ஒரு ஆள் எடை! உலகில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இந்த இனம் இல்லை. அறிவியல் உலகம் இதற்குச் சரியான பெயரை உறுதி செய்ததே 2018-ல்தான். அதே ஆண்டில் 'அழிவின் விளிம்பில்' என்ற பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். பெயர் உறுதியான வருஷமே பட்டியல்! ஓடும் தண்ணீரில் வாழும் மீன் இது. தேங்கிய நீர் இதற்கு வீடாகாது.

மேகதாது வழக்கில் தமிழ்நாடு, "சரணாலயம் மூழ்கும்" என்கிறது. சரியான வாதம். அதே தமிழ்நாடு முல்லைப் பெரியாறு வழக்கில் என்ன சொன்னது? நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142-க்கு உயர்த்தினால் பெரியாறு சரணாலயம் பாதிக்கும் என்று வாதாடியது கேரளம். பாதிக்காது என்றது நம் தரப்பு. 2006 பிப்ரவரி 27 தீர்ப்பு, நீர்மட்டம் உயர்வது வனவிலங்குகளுக்கு நன்மையே என்ற நிபுணர் கருத்தை ஏற்றுக்கொண்டது. அணை நமக்கு வேண்டும் என்றால் யானைக்குத் தண்ணீர் பிடிக்கும். அணை பக்கத்து மாநிலத்துக்கு என்றால் யானை மூழ்கிப்போகும். மூன்று மாநிலமும் இப்படித்தான். யானையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம், அதற்கென்று ஒரு வக்கீல் வைப்பதில்லை.

ஏன் இப்படி? 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு சட்டப்படி, நடுவர் மன்றம் கேட்டு மனுக் கொடுக்கும் உரிமை மாநில அரசுகளுக்கு மட்டும்தான். விவசாயிக்கே இல்லாத உரிமை மீனுக்கு ஏது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 29-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் வரும், வெளியே போகும் நீரோட்டத்தை அனுமதியின்றித் திருப்பவோ நிறுத்தவோ கூடாது என்கிறது. அந்த அனுமதியையும் வனவிலங்குகளின் நன்மைக்காக மட்டுமே தரலாம். எவ்வளவு பலமான வரி! ஆனால் நதிநீர் வழக்கு என்றதும் எல்லோரும் டிஎம்சியைத்தான் எண்ணுகிறோம். மேகதாதுவைப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு 2021-ல் தானாகவே கையிலெடுத்துக் குழு அமைத்தது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்று அடுத்த மாதமே டெல்லி அமர்வு முடித்துவைத்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், திட்டம் இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, இப்போதே வழக்கு எதற்கு என்று சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஊர்க் கதை ஒன்று. 1978-ல் டென்னசியில் ஏறக்குறைய கட்டி முடித்த டெலிகோ அணையை, விரல் நீள மீன் ஒன்றுக்காக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அங்கே அருகிவரும் உயிரினச் சட்டத்தின் கீழ் சாதாரணக் குடிமகனும் வழக்குப் போடலாம். மறு ஆண்டே நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்து அணையைத் திறக்க வைத்தது, அது வேறு கதை. வேறு ஆறுகளில் கொண்டுபோய் விட்ட அந்த மீன் பிழைத்துக்கொண்டு, 2022-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்தே வெளியே வந்துவிட்டது. மீன் ஜெயித்ததா தோற்றதா என்பதைவிட, மீனின் பெயரில் ஒரு வழக்கு நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிது.

நம் ஊரும் தப்பவில்லை. திருவண்ணாமலைக்குச் சாத்தனூர் அணையிலிருந்து வருவது தென்பெண்ணை. அதற்கும் கர்நாடகத்தோடு 2018 முதல் வழக்கு. மார்க்கண்டேய நதி அணையைத் தடுக்கக் கோரிய நம் மனுவை 2019 நவம்பரில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், நடுவர் மன்றத்தை நாடச் சொன்னது. பங்கு பிரிக்கும் நாள் வரும்போது தென்பெண்ணைக்கென்று எத்தனை டிஎம்சி ஒதுக்குவார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா? பசுவுக்கும் மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் சமாதி எழுப்பிய ஆசிரமத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகப் படவில்லை.

பெங்களூர்ப் பிள்ளையின் தாகமும் நிஜம், டெல்டாக்காரரின் வயிற்றெரிச்சலும் நிஜம். நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசுங்கள். பேசும்போது அந்தப் 10 டிஎம்சியையும் சேர்த்துப் பேசுங்கள். ஆறு செத்துப்போனால் பங்கு பிரிக்க என்ன மிஞ்சும்? உங்களில் வக்கீல்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள், பொதுப்பணித்துறையிலும் சிலர் உண்டு. 29-ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு எனக்கு விளக்கிச் சொல்லுங்கள். இந்த முறை நான் மாணவன்.

திட்டுவதானாலும் திட்டுங்கள். ஒற்றுப்பிழை மட்டும் கூடாது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.