செய்தவர் பெயர்



இந்த வாரம் மனு, வழக்கு, ஆர்ப்பாட்டம் எதைப் பற்றியும் எழுதவில்லை. நாங்கள் ஒரு விமானம் செய்த கதையை எழுதுகிறோம். கணினிக்குள் பறக்கும் விமானம். இதை ஏன் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே கேள்வி வந்தது. கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். விருத்தாசலம் பக்கத்து நல்லூர்க்காரர்கள். ஊர்த்தெரு இருக்கிற நல்லூர் இல்லை. சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நல்லூர். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் உண்டு. ஒரு அம்பேத்கர் படம், நாலு பெஞ்சு, ஒரு ஃபேன். பிளஸ் டூ படித்தபோது எங்களில் இருவருக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் இரண்டும் அங்கேதான் கிடக்கும். ஒன்றில் பேட்டரி நிற்காது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். இன்னொன்றில் இரண்டு எழுத்து அழுந்தாது.

அந்த லேப்டாப்பில்தான் ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டரைப் போட்டுப் பார்த்தோம். உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து சேர்ந்து உருவாக்கிவருவது. காசு கிடையாது. பழைய பதிப்பு என்றால் பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதில் பறக்கும் விமானங்களையும் யாரோ ஆர்வமுள்ளவர்கள்தான் செய்து போடுகிறார்கள் என்று தெரிந்ததும், நாமும் ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது.

விமானத்தின் உடலைச் செய்ய பிளெண்டர் என்ற மென்பொருள். அதுவும் இலவசம். அது இலவசமான கதையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கம்பெனியின் கையில் இருந்து, கம்பெனி மூடப்பட்டதும் முடங்கிக் கிடந்தது. 2002-ல் அதைப் பயன்படுத்தியவர்களே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ வசூல் செய்து கொடுத்து, யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் சொந்தமானதாக ஆக்கினார்கள். கருவி கையில் இல்லாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து கருவியை விடுவிக்க முடியும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

எந்த விமானம்? எங்களில் ஒருவனின் சித்தப்பா அரக்கோணம் பக்கம் சாலை வேலைக்குப் போயிருந்தார். "மேகத்துக்குள்ள லாரி ஓடுற மாதிரி சத்தம்டா, நாலு காத்தாடி, ஒவ்வொண்ணும் ரெட்டைக் காத்தாடி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது டியூ-142. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் ரஷ்யத் தயாரிப்பு விமானம். 1988-ல் இந்தியக் கடற்படைக்கு வந்தது. மொத்தம் எட்டு. முதலில் கோவாவில் இருந்தன. 1992-ல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம் தொடங்கியதும் அங்கே வந்துவிட்டன. 2017 மார்ச் 29-ல் அங்கேயே விடைபெற்றன. இருபத்தைந்து வருடம் தமிழ்நாட்டு வானத்தில் பறந்த விமானம். சித்தப்பா போட்ட சாலை இன்னும் அங்கே இருக்கிறது. ஆனால் அந்த விமானத்தை இனி வானத்தில் பார்க்க முடியாது. அதனால் அதையே செய்வதென்று முடிவு செய்தோம்.

ஒரு விமானம் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. 2017 டிசம்பரில் அதைத் திறந்துவைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த். அவர் தலித் என்பதைச் சொல்லி நாட்டில் எல்லாம் மாறிவிட்டது என்பவர்களோடு நமக்கு வழக்கு உண்டு. அது வேறு கட்டுரை. நாங்கள் பொதுப் பெட்டியில் ஏறி அங்கே போய், ஒரு நாள் முழுக்க அந்த விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தோம். சக்கரம் எங்கே மடங்குகிறது, இறக்கை உடலோடு சேருமிடம் எப்படி வளைகிறது, எந்த இடத்தில் பெயின்ட் வெளுத்திருக்கிறது என்று இருநூறுக்கு மேல் படம். காவலாளி ஒருவர் வந்து "காலேஜ் ப்ராஜெக்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டோம். ஆசைக்காகச் செய்கிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாய் வராத இடத்தைத்தான் இங்கே பேச வேண்டும்.

படிப்பகத்துக்கு வரும் மூத்த அண்ணன் ஒருவர், இயக்கத்தில் முப்பது வருடம் இருப்பவர், திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சுடுகாட்டுப் பாதைக்கு மனு எழுத ஆள் இல்ல. நீங்க போர் விமானம் செஞ்சிக்கிட்டு இருக்கீங்களா?"

கேள்வி நியாயமானது. இரண்டு நாள் பேசினோம். ராணுவத்துக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு ஒற்றை வரியில் முடிவதில்லை. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அம்பேத்கர் 1891-ல் பிறந்ததே மோவ் என்ற ராணுவ முகாம் ஊரில். அதே காலத்தில்தான் மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் நிறுத்தினான். 1941-ல் மகர் ரெஜிமென்ட் உருவாவதற்கு அம்பேத்கர் வாதாட வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் மூடியதும் நம்மைக் கேட்டு நடக்கவில்லை. நாங்கள் போரைக் கொண்டாடவில்லை. ஆனால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று அண்ணனிடம் சொன்னோம். ஊர்த்தெருப் பையன் ராத்திரி முழுக்க இதைச் செய்தால் அதற்குப் பெயர் ஹாபி. நாம் செய்தால் வேலையற்ற வேலை. இந்தக் கணக்கை நாமே நம் பிள்ளைகளுக்கும் போட வேண்டுமா? அண்ணன் பதில் சொல்லவில்லை. மறுநாள் மனுவை நாங்கள் எழுதிக்கொடுத்தோம். அவரும் விமானத்தைப் பற்றி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

இனி வேலையைப் பற்றி. முதலில் விமானத்தின் முன்பக்க, பக்கவாட்டு, மேல்பக்க வரைபடங்களைத் திரையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றின் மேல் ஒரு உருளையை இழுத்து, அழுத்தி, வளைத்து உடலைக் கொண்டுவர வேண்டும். அப்புறம் அந்த உடலின் தோலைப் பிரித்துத் தட்டையாக விரிக்க வேண்டும். ரவிக்கைக்குத் துணி வெட்டுவதைத் தலைகீழாகச் செய்வதுபோல. விரித்த தோலில் பெயின்ட், அழுக்கு, ஆணித்தலை எல்லாவற்றையும் வரையலாம். ஒவ்வொரு ஆணியையும் உருவமாகச் செய்தால் எங்கள் லேப்டாப் மூச்சு வாங்கும். அதனால் எதை உருவமாகச் செய்வது, எதை வரைந்து காட்டுவது என்று கணக்குப் பார்த்தோம். ஒரு எஞ்சினுக்கு ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர், ஒவ்வொன்றிலும் நாலு இலை. ஆக மொத்தம் முப்பத்திரண்டு இலைகள். முன்னது ஒரு பக்கம் சுற்றினால் பின்னது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அந்த ஒரு கழித்தல் குறியைச் சரியான இடத்தில் போட எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

விமானத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் பாதியைச் செய்தால் போதும். மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பம்போல மென்பொருளே போட்டுவிடும். அப்படிப் போட்டபோது ஒரு பக்கத்து எழுத்தும் எண்ணும் தலைமாறி நின்றன. சிரித்துவிட்டுத் திருத்தினோம். திருத்த முடியாதது இன்னொன்று. விமானத்தின் நடுமுதுகில், மூக்கிலிருந்து வால்வரை, வெயில் படும்போது மட்டும் ஒரு கோடு தெரிந்தது. மூன்று ராத்திரி தேடினோம். பெயின்டை மாற்றினோம், வெளிச்சத்தை மாற்றினோம். கோடு போகவில்லை.

எங்களில் ஒருத்தியின் அம்மா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பினிஷிங் வேலை பார்க்கிறவர். எங்கள் எல்லாருக்கும் பெரியம்மா. மகளைக் கூப்பிட வந்தவர் கதவோரம் நின்று திரையைப் பார்த்தார்.

"நடுவுல ஒட்டு தெரியுதே பாப்பா. ரெண்டு அச்சும் சரியா உக்காரல."

பொம்மை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு பாதி அச்சு. சேர்த்துக் கட்டி, உள்ளே கரைத்த களிமண்ணை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் ஓரமாகப் படிந்து தோல் கட்டும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை. இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு வரி நிற்கும். சூளைக்குப் போகும் முன்னால் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அந்த வரியை இல்லாமல் ஆக்குவதுதான் பெரியம்மாவின் வேலை. எத்தனை வருடமாக என்று அவருக்கே கணக்கில்லை.

அவர் சொன்னது அப்படியே சரி. கண்ணாடிப் பிம்பத்தின் இரண்டு பாதியும் நடுக்கோட்டில் தொட்டுக்கொண்டிருந்தன, ஒட்டவில்லை. நடுவில் இருந்த புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்ததும் கோடு மறைந்தது. மூன்று ராத்திரி நாங்கள் தேடியதைப் பெரியம்மா நின்ற இடத்திலிருந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். இவருடைய வேலையைத்தான் கூலிக் கணக்கில் 'திறனற்ற வேலை' என்று எழுதுகிறார்கள்.

விமானம் ஒரு வழியாகப் பறந்தது. ஃபிளைட்கியரில் செய்தவர்களே தங்கள் விமானத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். பறக்கும் இயல்பு, உள்ளமைப்புகள், விமானி அறை, வெளித்தோற்றம் என நாலு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை. நமக்கு மதிப்பெண் போட்டவர்கள் எப்போதும் வேறு யாரோதான். முதல் முறையாக நாங்களே போட்டபோது கை நடுங்கியது. தோற்றத்துக்கு நாலு போடலாம் என்றான் ஒருவன். சக்கரக் கூட்டின் கதவு இன்னும் மூடவில்லை, மூன்றுதான் என்றாள் பெரியம்மாவின் மகள். மூன்று போட்டோம். மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று.

அடுத்த வரிதான் எங்களை நிறுத்திவிட்டது. 'ஆசிரியர்' என்று ஒரு இடம். விமானத்தைச் செய்தவர் பெயரை அங்கே எழுத வேண்டும். ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிடுவதால், யார் அதை நகலெடுத்தாலும் மாற்றினாலும் பதிப்புரிமை அறிவிப்பில் இருக்கும் பெயர்களை அழிக்கக் கூடாது. எங்கள் தெருவில் சுவர் வைத்தவர்கள், கிணறு வெட்டியவர்கள், பொம்மை துடைத்தவர்கள் யாருடைய பெயரும் எந்தப் பொருளிலும் இல்லை. இது அழிக்க முடியாத இடம். பெயரோடு தெருவையும் எழுதுவோம் என்றோம் நாலு பேர். 2025 ஏப்ரலில்தான் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். தெருவுக்கு நாங்கள் வைத்த பெயரையே எழுதலாம், அம்பேத்கர் நகர், நல்லூர் என்று.

ஐந்தாமவன் வேண்டாம் என்றான். அவன் நகரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லாமல்தான் வாடகைக்கு வீடு கிடைத்தது. "என் பேரத் தேடினா இது வரும். மேனேஜர் பாப்பாரு, வீட்டுக்காரரு பாப்பாரு. என்னால முடியாது." புரொப்பெல்லர் முழுக்க அவன் செய்தது. கோழை என்று ஒருவன் சொன்னான். சொன்னவன் அன்றிரவே மன்னிப்புக் கேட்டான். வாடகை வீட்டில் இருப்பது அவன்; நாங்கள் இல்லை. தைரியத்தை இன்னொருவர் தலையில் ஏற்றக் கூடாது.

அவன் பெயரை எழுதவில்லை. தெருப் பெயரோடு எங்கள் நாலு பேரை எழுதி, ஐந்தாவதாகப் பெரியம்மாவின் பெயரை எழுதினோம்.

பெரியம்மாவிடம் காட்டினோம். "நான் என்னடா செஞ்சேன்?" என்றார். வாசிக்கச் சொன்னார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "பட்டறையில யாராவது பாத்து ஏதாவது சொல்லுவாங்களா?"

சொல்ல மாட்டார்கள் பெரியம்மா என்றோம். அது உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் எடுத்துவிடச் சொல்லவில்லை அவர்.

தம்பி, தங்கைகளே, நீங்கள் எதைச் செய்தாலும், அது மனுவோ மென்பொருளோ துண்டறிக்கையோ, செய்தவர் பெயரை எழுதுமிடம் வந்தால் அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். யார் யார் கை அதில் பட்டது என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பெயர் வேண்டாம் என்பவர் இருந்தால் அவருடைய காரணத்தையும் கேளுங்கள். அந்தக் காரணத்தை ஒழிப்பதுதான் நம் வேலை. ஐந்தாமவன் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லும் நாளில் அந்த வரியைத் திருத்துவோம். அதற்கான இடம் கோப்பில் இருக்கிறது.