நட்சத்திரத்தை நம்பியோர்

விழா மலரிலே தமிழாசிரியர் எழுதுவதாயின் சங்கச் சான்றோர் பெருமையையோ சமயகுரவர் அருமையையோ எழுதுவார் என எதிர்பார்த்தல் இயல்பு. நாமோ இம்முறை மோட்டார்க் காரைப்பற்றி எழுதத் துணிந்தோம். எமக்குச் சொந்தமானது ஒரு சைக்கிள் மாத்திரமே. ஆயினும் கல்லூரியைக் காணவரும் பழைய மாணவர், சிறப்பாக ஜேர்மனியில் வாழ்வோர், ஆசிரியர் அறையில் அமர்ந்து ஊர்ப்புதினம் பேசி முடித்தபின் அடுத்து எடுப்பது கார்ப்பேச்சையே. அப்பேச்சிலே பல்லாண்டு ஒலித்த பெயர் பென்ஸ். அப்பெயரைச் சொல்லுங்கால் குரலில் இருந்த பெருமிதம் ஒரு காலகட்டத்திற் குன்றியது ஏன் என்றறிய அவாவினோம். கேட்டும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

காரின் தோற்றமே இப்பெயரோடு பிணைந்தது. 1886 ஆம் ஆண்டு ஜனவரி 29 ஆந் திகதி கார்ல் பென்ஸ் தமது முச்சில்லு வண்டிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். ஈராண்டு கழித்து அவர் மனைவியார் பேர்த்தா, கணவர்க்கும் சொல்லாது, மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாயாரிடம் நூறு கிலோமீற்றருக்கு மேல் அவ்வண்டியிற் சென்றார். எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பியூசியாற் குத்தி அடைப்பெடுத்தார். பிறேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்துவித்தார். காரை ஓட்டுபவரே அதனைத் திருத்துபவருமாய் இருந்த அக்காட்சியை வாசகர் மனத்தில் இருத்துக, பின்னர் வேண்டப்படும். மற்றொரு புறத்தே கொற்லீப் டைம்லர், ‘மிகச் சிறந்தது, இன்றேல் ஒன்றுமில்லை’ என்பதைக் கொள்கையாகக் கொண்டு தொழில் செய்தார். இருவர் பெயராலும் நடந்த நிறுவனங்கள் 1926 இல் ஒன்றாயின. நிலம், நீர், வான் என்னும் மூன்றையுங் குறித்த மும்முனை நட்சத்திரம் அவற்றின் கார்களுக்கு அடையாளமாயிற்று.

அந்த நட்சத்திரத்தை நம்பியோர் செல்வர் மாத்திரம் அல்லர். ஜேர்மனியில் வாடகைக்கார் ஓட்டிப் பிழைப்போர் மிகப் பலர் நெடுங்காலமாகப் பென்ஸ் டீசல் காரையே வைத்திருந்தனர். அவர்க்குக் கார் ஆடம்பரம் அன்று. உழவனுக்கு எருது போன்றது. 1976 இல் வெளிவந்த 123 என்னும் வகை ஏறத்தாழ 27 இலட்சம் செய்யப்பட்டது. தொடக்கத்திலே முறை வரும்வரை காத்திருக்க மாட்டாதார், பிறர் ஓட்டிய காரைப் புதுக்காரின் விலைக்கே வாங்கினர் என்றால் அதன் மதிப்பை என்னென்பது! கிரேக்க நாட்டு வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவரின் 1976 ஆம் ஆண்டு 240 டி வகைக் கார் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடிற்று. 2004 இல் நிறுவனம் அதனைத் தன் நூதனசாலைக்குப் பெற்றுக்கொண்டது. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர் என எமது மாணவர் புவியியலிற் படித்திருப்பர், வகுத்துப் பார்க்கட்டும்.

திருக்குறளிலே நட்பு, நட்பாராய்தல் என்னும் அதிகாரங்களை அடுத்துப் பழைமை என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. நெடுநாட் பழகியோர் உரிமைபற்றிச் செய்வனவற்றைப் பொறுத்தல் அதன் பொருள். பென்ஸ் வைத்திருந்தோர் அந்நிறுவனத்தோடு கொண்ட உறவு இத்தகையதே. தந்தை வாங்கினார், மைந்தனும் அதனையே வாங்கினான். பிறர் காரினும் விலை கூடுதலாயிற்றே என்றால், இருபதாண்டு நிற்குமே என்றான். ஏதேனும் குறை தோன்றின் தான் ஓட்டிய முறையிற் பிழையோ என்று முதலில் தன்னையே ஐயுற்றான். வாணிகத்திற் கிடைத்தற்கரிய செல்வம் இது. இதனைக் கணக்கேட்டில் எழுதுதல் இயலாது. ஆதலின் செலவாகிக் குறைவதும் கணக்கேட்டிற் தெரியாது.

1989 இல் யப்பானிய ரொயோற்றா நிறுவனம் லெக்சஸ் என்னும் புதுப்பெயரோடு அமெரிக்காவில் ஓர் உயர்தரக் காரை இறக்கிற்று. பென்ஸின் பெரிய கார்களோடு போட்டியிட வந்த அதன் விலை அவற்றினும் மிகக் குறைவு. அதனினும் கருதத்தக்கது, அதே ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்தது. வயரில் ஒரு கோளாறும் பிறேக் விளக்கொன்று சூடேறியதுமாக இரண்டு முறைப்பாடுகள் வந்தன. இரண்டே இரண்டு! அதற்கு அந்நிறுவனம் அதுகாறும் விற்ற ஏறத்தாழ 8,000 கார்களையும் மீள அழைத்தது. கார்களை உரிமையாளரிடத்திலிருந்து தானே எடுத்துச் சென்று, திருத்தி, கொண்டுவந்து கொடுத்தது. தொலைவில் இருந்தோர்க்கு விமானத்தில் ஆளனுப்பிக் கராச் வாடகைக்கு எடுத்தது. 20 நாளில் வேலை முடிந்தது. பெயரே இல்லாதவன் பெயர் தேடிக்கொள்ளும் வழியை இங்குக் காண்கின்றோம்.

பெயருள்ளவர் செய்தது வேறு. முன்பெல்லாம் பென்ஸ் பொறியியலாளர் தாம் நினைத்தவாறு காரைச் செய்து முடிப்பர்; ஆன செலவின்மேல் இலாபம் வைத்து விலை கூறப்படும். 1993 இல் ஹெல்முட் வேர்னர் தலைமைப் பொறுப்பேற்ற காலத்தில் அம்முறை தலைகீழாயிற்று. சந்தை தாங்கும் விலை முதலில் முடிவாகும். அதற்குள் அடங்கக் கார் செய்யப்படல் வேண்டும். இதனைக் குற்றம் என்று நாம் கூறோம். போட்டியிற் பிழைக்க விரும்புவோர் செலவைப் பாராதிருத்தல் யாங்ஙனம்? ஆனால், செலவு குறைந்த இடங்கள் வாங்குவோர் கண்ணுக்குப் படாத இடங்களாயிருந்தன. தொண்ணூறுகளின் முற்பகுதிக் கார்கள் சிலவற்றில், சூழல் மாசைக் குறைக்கவெனத் தேர்ந்த வயர் உறை எஞ்சினின் வெப்பத்தில் நொறுங்கி உதிர்ந்தது. நோக்கம் நல்லது, விளைவு உரிமையாளர் தலையில் விழுந்தது.

அடுத்து வந்தது துரு. 1995 இல் வெளியான 210 வகைக் காரில், வட்ட விளக்கு இரண்டிரண்டாய் முகத்திற் பதித்த அழகிய காரில், சில ஆண்டுகளிலேயே கதவோரத்திலும் சில்லு வளைவிலும் துரு பூத்தது. முன்சில்லின் சுருள்வில்லைத் தாங்கும் இடம் துருவேறி முறிந்தமையும் உண்டு. இருபதாண்டு நிற்கும் என்று வாங்கியவன் ஆறாம் ஆண்டில் விரலாற் சுரண்டிப் பார்க்கும் நிலை வந்தது. 1998 இன் பிற்பகுதியிலிருந்து துருவுக்கு எதிராக 30 ஆண்டு உத்தரவாதம் அளிக்கப்பட்டது. கேட்பதற்கு இனிது. ஆயின் துரு உள்ளிருந்து வெளியே தகட்டைத் துளைத்ததாய் இருத்தல் வேண்டும். காரையும் நிறுவனத்தின் திருத்தகங்களிலேயே முறைப்படி பராமரித்திருத்தல் வேண்டும். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு விதியும் விலக்கும் புதியன அல்ல. எனினும், துரு எத்திசையிலிருந்து புறப்பட்டது என்று உரிமையாளன் விளக்க நேருமாறு ஒரு விலக்கை நன்னூலாரும் கண்டிலர்.

1997 இல் சிறிய ஏ வகைக் கார் சுவீடனில் ஒரு சஞ்சிகையார் நடத்திய சோதனையிற் கவிழ்ந்தது. வீதியில் திடீரெனக் குறுக்கிடும் காட்டுமானைத் தவிர்க்க வளைத்து ஓட்டுவது போன்ற சோதனை அது. விற்பனையை நிறுத்தி, வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியை எல்லாக் கார்களுக்கும் பொருத்திக் கொடுத்தனர். உலகம் நகைத்தது உண்மை. ஆனால் அந்த விடை நேரிய விடை. பழைய உரிமையாளரை வருத்தியவை இவ்வாறு செய்தித்தாளில் வாராத, ஒவ்வொருவராய்த் தனித்தனியே திருத்தகத்தின் முன் நின்று சொல்லவேண்டியிருந்த குறைகளே. 1998 இல் அமெரிக்கக் கிறைஸ்லரோடு செய்த கூட்டும் 2007 இல் அதன் பெரும்பங்கை விற்று நீங்கியதும் பெருங்கதை, அதனை விடுகின்றோம்.

திருத்துதலைப்பற்றி ஒரு சொல். நாம் சிறுவராயிருந்த நாளில், 1990 ஐ அடுத்து வடக்கிற்குப் பெற்றோல் தடைப்பட்ட ஆண்டுகளில், யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலால் எஞ்சினை எழுப்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகையும் நாற்றமும் சொல்லி முடியா. ஆயினும் ஓடின; ஏனெனில் பொனற்றைத் திறந்தால் உள்ளதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கும் எட்டிற்று. பேர்த்தா அம்மையாரின் தொப்பியூசி அங்கே நூறாண்டு கழிந்தும் பயன்பட்டது எனலாம். பழைய பென்ஸ் டீசலும் அவ்வினத்ததே. தொண்ணூறுகளின் பின் வந்தவற்றிலோ கணினிகள் ஒன்றோடொன்று பேசின. அவை பேசுவதைக் கேட்க நிறுவனத்தின் கருவி வேண்டும். கருவி முகவரிடமே இருந்தது. உரிமையாளன் தன் காரைப்பற்றித் தானே அறியக்கூடியது குறையக் குறைய, பிறர் சொல்லை நம்பவேண்டிய அளவு கூடிற்று. நம்பிக்கை மிகுதியாக வேண்டப்பட்ட அக்காலத்திலேயே அது மெலிந்தமைதான் இக்கதையின் கொடுமை.

எண்ணெய் வழக்கு இதனைக் காட்டும். எஞ்சின் எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதைக் காரே கணித்து அறிவிக்கும் முறை வந்தது, இடைவெளியும் நீண்டது. நீண்ட இடைவெளிக்கு உயர்வகை எண்ணெய் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லாது விட்டதால் எஞ்சினுக்குக் கேடு நேர்ந்தது என அமெரிக்க உரிமையாளர் வழக்கிட்டனர். 1998 முதல் 2001 வரையான கார்களைப் பற்றிய அவ்வழக்கு 2003 இல் சமரசத்தில் முடிந்தது. இவர்கள் குறைந்த விலையில் நிறைந்த பொருள் தேடியோர் அல்லர். சொல்லியிருந்தால் உயர்ந்த எண்ணெயையே வாங்கியிருப்பர்.

பின்னர்ப் பிறேக். மிதியை அழுத்தினால் அச்செய்தி மின்னாற் கணினிக்குச் சென்று, கணினி சில்லுகளை நிறுத்தும் புதுமுறையை 2001 இலும் 2002 இலும் வந்த கார்களிற் புகுத்தினர். அது தவறினால் பழைய நீரமுக்க முறை முன்சில்லு இரண்டில் மாத்திரம் வேலை செய்யும். 2004 மே மாதத்தில் 680,000 கார்கள் இதன்பொருட்டு மீள அழைக்கப்பட்டன. 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கிரேக்கக் கார் நூதனசாலைக்குச் சென்றதும் அதே ஆண்டில்! 2005 மார்ச்சில் மின்பிறப்பாக்கி, பற்றரிக் கட்டுப்பாடு, பிறேக் ஆகியவற்றின் பொருட்டு மேலும் 13 இலட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. 2006 இல் புதுக்கப்பட்ட ஈ வகையில் அப்பிறேக் முறையே கைவிடப்பட்டது. எவருக்கும் வேண்டாதன என்று கண்டு சுமார் 600 மின்னணுச் செயல்களையும் நிறுவனம் தன் கார்களிலிருந்து நீக்கிற்று. வேண்டாதவை 600 என்றால், வேண்டுவன எவை என்று வாங்கியவனை முன்னரே கேட்டிருக்கலாகாதா?

2005 இல் உயர்தரக் கார் விற்பனையில் பி.எம்.டபிள்யூ. முந்திற்று. 2016 இலேதான் பென்ஸ் மீண்டும் முதலிடம் கண்டது. 2021 இல் மறுபடியும் இழந்தது. விற்பனைக் கணக்கு இவ்வாறு ஏறியிறங்கும். எமது கருத்துச் செல்வது, கணக்கில் வாராத அந்தப் பழைமையின்மேல். தரம் குறைந்த பின்னரும் பல்லாண்டு கார் விற்றமைக்குக் காரணம் பழைய உரிமையாளரின் பொறுமையே. அப்பொறுமையே குறையை நிறுவனத்தின் கண்ணுக்குத் தோன்றாது மறைத்தது. முன்னோர் ஈட்டிய பெயரை வைத்துப் பின்னோர் நடத்தும் நிறுவனங்கள் பல. நாம் கல்லூரிகளைப்பற்றி ஈண்டுப் பேசவில்லை. பேசுகின்றோம் என்று கொள்வாரைத் தடுக்கவும் இல்லை.

நிறுவனம் திருந்திற்று என்பதையும் சொல்லவேண்டும். 2009 இல் வந்த 212 வகையின் உடற்தகடு 210 வகையினும் துருவுக்கு நன்கு நின்றது. டைம்லரின் பழைய கொள்கைமொழியை 2010 இல் எடுத்து மீண்டும் விளம்பரத்தில் இட்டனர். ஆயினும் 2022 ஜூன் மாதத்தில் 2004 முதல் 2015 வரை செய்த பெரிய வகைக் கார்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் உலகெங்கும் மீள அழைக்கப்பட்டன. பிறேக்கிற்கு வலுவூட்டும் பாகம் துருவேறக்கூடும் என்பது காரணம். சோதிக்கும்வரை ஓட்டற்க என்று கூறிக் காரை இழுத்துச் செல்லவும் நிறுவனம் முன்வந்தது. பழைய கார்களுக்கு இவ்வாறு செய்தது பாராட்டத்தக்கது. அதே ஆண்டு அமெரிக்காவில், தன் மின்கார்கள் சில இன்னும் விரைந்து பாய வேண்டுமாயின் ஆண்டுக்கு 1,200 டொலர் கட்டுக என்றும் அறிவித்தது. பாயும் வலு காரில் முன்னரே உண்டு. பூட்டைத் திறக்கத்தான் பணம். இதனை ஆசிரியர் அறையிற் சொன்னபோது கணித ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

சென்ற ஆண்டு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் ஜேர்மனியில் 1993 ஆம் ஆண்டுப் பென்ஸ் ஒன்றை இன்றும் ஓட்டுகின்றார். 124 வகை, கடைசியாக நல்லது அதுவே என்பது அவர் துணிபு. புதியது வாங்கும் எண்ணம் இல்லையோ என வினவினோம். சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்துக் காரின் படத்தைக் காட்டினார். அந்நாட்டிலே முப்பதாண்டு கடந்து நன்னிலையில் உள்ள காருக்கு, வரலாற்றுப் பொருள் என்பதைக் குறிக்கும் ‘எச்’ எழுத்தை எண்பலகையிற் பொறிக்க அனுமதி உண்டு. அவர் படத்தைப் பெரிதாக்கி அந்த எழுத்தைச் சுட்டினார்.