லேசுத் தழும்பு

அந்தக் காலத்துக் கால்பந்தை இப்போதைய பையன்களுக்கு விளக்கிச் சொல்வது சிரமம். தோல் துண்டுகளைத் தைத்த கூடு, உள்ளே ரப்பர் பிளாடர். காற்றடித்ததும் பிளாடரின் குழாயை மடித்துச் சணலால் இறுக்கிக் கட்டி உள்ளே திணிக்க வேண்டும். அப்புறம் ஷூவுக்குப் போடுவதுபோல் தோல் வாரால் வாயை இழுத்துக் கட்ட வேண்டும். அந்த வாருக்கு லேசு என்று பெயர். தலையால் முட்டும்போது லேசுப் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் உரிந்துவிடும். எங்கள் லெஃப்ட் ஹாஃப் எந்தப் பந்தையும் தலையில் வாங்காமல் விடமாட்டான். அவன் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு எப்போதும் இருக்கும்.

1964-65. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சின்னக் கல்லூரி. கருவேல முள் பொறுக்கிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். பிளாடரில் முள் குத்தினால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவோம். பதின்மூன்று பேருக்கு ஆறு ஜோடி பூட்ஸ். குறைப்பட்டால் பி.டி. சார் 1948 லண்டன் ஒலிம்பிக்கைத் தொடங்கிவிடுவார். பிரான்சுக்கு எதிராக நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள், 2-1 என்றுதான் தோற்றார்கள், தெரியுமா என்பார். அதில் இரண்டு பெனால்டியைத் தவறவிட்டதை மட்டும் சொல்லமாட்டார்.

நான் இன்சைட் ரைட். சுமாராக ஆடுவேன். டிசம்பருக்குள் கல்லூரிப் போட்டியில் இரண்டு சுற்று ஜெயித்துவிட்டோம். எங்களாலேயே அதை நம்ப முடியவில்லை.

டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் ஆட்களோடு போயிற்று. பாம்பன் பாலம் உடைந்து ராமேஸ்வரம் தீவு துண்டானது. எங்கள் லெஃப்ட் அவுட் தங்கச்சிமடத்துப் பையன், லீவுக்கு ஊருக்குப் போயிருந்தான். பொங்கல் கழித்து வந்து சேர்ந்தான். "வீட்டுல எல்லாரும் இருக்காங்க சார். வள்ளமும் வலையும் இல்ல. தனுஷ்கோடி மாமாவத்தான் காணோம்." அவ்வளவுதான் சொன்னான். சார் எதுவும் கேட்காமல் ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அது என் பூட்ஸ்.

அரையிறுதி மதுரையில், ஜனவரி 25, திங்கட்கிழமை. தேதி போட்டவருக்கு நாட்டு நடப்பு தெரியாது போலிருக்கிறது. அரசியல் சட்டம் கொடுத்த பதினைந்து வருஷத் தவணை மறுநாளோடு முடிந்தது. 26 முதல் இந்தி ஆட்சிமொழி. 1963 சட்டத்தில் ஆங்கிலமும் தொடர 'மே' போட்டிருக்கிறார்கள், 'ஷல்' போடவில்லை என்று எங்கள் சென்டர் ஹாஃப் ஹாஸ்டலில் நள்ளிரவு வரை வகுப்பெடுப்பான். 'தொடரலாம்' வேறு, 'தொடரும்' வேறு என்பது எங்களுக்கு அப்படித்தான் புரிந்தது.

ஞாயிறு மாலையே மதுரை ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் இறங்கினோம். காலையில் தெருவெல்லாம் மாணவர்கள். அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியை எரிக்கத் திலகர் திடலுக்கு ஊர்வலம். எங்களில் நாலு பேர் இட்லியை அப்படியே விட்டு எழுந்தார்கள். "மாப்ள, நீ வரல?" என்றான் லெஃப்ட் ஹாஃப். "சாயங்காலம் மேட்ச் இருக்குடா" என்றேன். உள்ளதைச் சொல்கிறேன், அன்று எனக்குத் தமிழைவிட அரையிறுதி பெரிதாக இருந்தது.

வடக்கு மாசி வீதியில் ஒரு கட்சி அலுவலகத்தருகே கைகலப்பு, மாணவர்களுக்கு வெட்டு என்று மத்தியானம் சேதி வந்தது. அப்புறம் புகை. அப்படியும் சார் மிச்சமிருந்தவர்களை நாலு மணிக்கு மைதானத்துக்குக் கூட்டிப் போனார். எதிர் டீம் இல்லை, ரெஃப்ரி இல்லை, கோல் கம்பத்தில் வலையும் இல்லை. காக்கைகள் நடந்துகொண்டிருந்தன. "ஆள் வரலேன்னா வாக்கோவர்தானே சார்? நாம ஃபைனல் போயிட்டோமா?" என்று கேட்டேன். சார் என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஏழு மணிக்கு மேல் நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். லெஃப்ட் ஹாஃப் தலையில் சட்டையைச் சுற்றியிருந்தான். கல்லா, தடியா, அவனுக்கே தெரியாது. "தம்பி, வெளக்க அணைச்சிட்டுப் படுங்க" என்று லாட்ஜ்காரர் கதவைச் சாத்தினார். இருட்டில் தீக்குச்சி வெளிச்சம் பிடித்துக்கொண்டு சார் டிங்சர் வைத்தார். அவன் கத்தாமலிருக்க லெஃப்ட் அவுட் அவன் கையைப் பிடித்திருந்தான்.

மறுநாள் ரயிலில் வரும்போது வழியெல்லாம் வீடுகளில் கறுப்புக் கொடி. அதற்கடுத்த நாள் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கல்லூரிகளை மூடினார்கள். பிப்ரவரி 11 ராத்திரி பிரதமர் சாஸ்திரி ஆங்கிலம் தொடரும் என்று ரேடியோவில் உறுதி சொன்னார். மறுநாள் பொள்ளாச்சியில் மறுபடி துப்பாக்கிச் சூடு. கல்லூரி திறந்தபோது மிச்சமிருந்தது பரீட்சைதான். அரையிறுதியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆடாத ஆட்டத்துக்குப் படி கிடையாது என்று ஆபீஸில் பில்லைத் திருப்பிவிட்டார்கள். லாட்ஜ் வாடகை சாருடைய கைக்காசு.

பரீட்சைக்கு முந்தின வாரம் லெஃப்ட் ஹாஃபின் அம்மா கிராமத்திலிருந்து வந்திருந்தார். சார் அறை வாசலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். காயம் ஆறி, புருவத்துக்கு மேலே தடித்த தழும்பாகிவிட்டது. அம்மாவிடம் அவன் வேறு கதை சொல்லியிருந்தான்.

"பந்து கிழிச்சிருச்சுன்னு சொல்றான் சார். இவ்வளவு ஆழமாவா கிழிக்கும்? அந்த வாரு இல்லாம வெளையாட முடியாதா?"

சார் அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். சார் பீரோவைத் திறந்து பந்தை எடுத்து, லேசைப் பாதி உருவி, அந்த அம்மாவுக்குக் காட்டினார்.

"பழைய வாரும்மா. மாத்திடறேன்."