நடவாத வரலாறும் நடந்த வரலாறும்

'இப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்பது மனித உள்ளத்தை விட்டு நீங்காத வினாக்களுள் ஒன்று. கோவலன் மதுரையில் வேறொரு பொற்கொல்லனைக் கண்டிருந்தால் என்று எண்ணிப் பாராத மாணவன் எந்தச் சிலப்பதிகார வகுப்பிலும் இரான். காவியத்தைக் குறித்து எழும் இவ்வினா, நாடுகளின் வரலாற்றைக் குறித்து எழும்போது தனியோர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிடுகிறது. மேலைநாட்டார் அதனை 'மாற்று வரலாறு' என அழைப்பர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்றிருந்தால் உலகம் எவ்வாறு இருந்திருக்கும் என்பது அவ்வகையில் பலரும் எடுத்தாண்ட கற்பனையாகும்.

இன்று உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே இக்கற்பனை வேறொரு கோலத்தில் உலவுகிறது. ஓயாத மழை, வானளாவிய கட்டடங்கள், ஜப்பானிய எழுத்தில் ஒளிரும் விளம்பரங்கள், உடம்பில் இயந்திரம் பொருத்திக்கொண்ட மனிதர், அரசுகளை விட ஆற்றல் மிக்க நிறுவனங்கள். படக்கதைகளும் அசைவுப்படங்களும் கணினி விளையாட்டுகளும் காட்டும் இவ்வுலகுக்குச் 'சைபர்பங்க்' என்று பெயர். இதனை விரும்பும் இளையோரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அவ்வுலகத்தை யார் படைத்தனர், எதற்கு அஞ்சிப் படைத்தனர், படைக்கும்போது யாரை மறந்தனர் என்பனவற்றை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்க்கு அத்தேவை மற்றவரைக் காட்டிலும் மிகுதி.

இக்கற்பனையின் தொடக்கத்தில் நிற்பவர் பிலிப் கே. டிக் என்னும் அமெரிக்க எழுத்தாளர். அவருடைய 'தி மேன் இன் தி ஹை காசல்' என்னும் நாவல் 1962இல் வெளிவந்து, மறு ஆண்டு ஹியூகோ பரிசு பெற்றது. அந்நாவலில் போர் 1947இல் முடிகிறது, தோற்றது அமெரிக்கா. அதன் கிழக்குப் பகுதி ஜெர்மனியின் பிடியிலும், மேற்குக் கடற்கரை ஜப்பானின் ஆட்சியிலும், நடுவே உள்ள மலை மாநிலங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலமாகவும் கிடக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ நகரில் கடை வைத்திருக்கும் வெள்ளையர் ஒருவர், தம் நாட்டின் பழம்பொருள்களை ஜப்பானியச் செல்வர்க்கு விற்றுப் பிழைக்கிறார். அவர்முன் எப்படிக் குனிவது, எந்தச் சொல்லை எந்தக் குரலில் சொல்வது என்று அஞ்சி அஞ்சி வாழ்கிறார். ஆளப்படுவோன் தன்னை ஆள்வோனின் கண்ணால் பார்க்கத் தொடங்குவதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய நாவல்கள் சிலவே.

அந்நாவலில் இன்னுமோர் இடம் எண்ணத்தக்கது. ஜப்பானிய அதிகாரியாகிய தகோமி என்பவர், ஒரு கணம் தம் உலகம் மறைந்து வேறொரு சான் பிரான்சிஸ்கோவில் நிற்பதாக உணர்கிறார். அது ஜப்பான் தோற்ற உலகம். அங்கே உணவுக்கடை ஒன்றில் நுழைந்து இடம் கேட்கிறார். அமர்ந்திருக்கும் வெள்ளையருள் ஒருவரும் அவருக்கு இடம் தரவில்லை. அவருடைய உலகில் வெள்ளையர் குனிகின்றனர். மறு உலகில் அவர் இகழப்படுகிறார். எந்த இனம் வென்றாலும் இகழப்படுவதற்கு ஒருவன் இருந்தே தீர்வான் என்பதை அவ்விடம் ஓசையின்றி உணர்த்துகிறது.

வியப்பு யாதெனில், அந்நாவலின் ஜப்பானிடம் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் விண்கலங்களும் செவ்வாய்க்குச் செல்லும் முயற்சியும் ஜெர்மானியரிடமே உள்ளன. 1962இல் அமெரிக்கர் கண்ட ஜப்பான், கைக்கு அடக்கமான டிரான்சிஸ்டர் வானொலியும் மலிவு விலைப் பொருள்களும் செய்யும் நாடாகவே இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அப்பார்வை முற்றும் மாறிற்று. 1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றது. ஷிங்கான்சென் அதிவேக இரயில் ஓடத் தொடங்கியது. 1979இல் வாக்மேன் வந்தது. 1980களின் நடுவில், கணினியின் உயிர்நாடியாகிய குறைக்கடத்திச் சில்லுகளைச் செய்வதில் ஜப்பான் அமெரிக்காவை முந்திற்று. 1989இல் கொலம்பியா திரைப்பட நிறுவனத்தை ஜப்பானியர் விலைக்கு வாங்கினர். போரில் தோற்ற நாடு சந்தையில் வெல்கிறது என்னும் அச்சம் அமெரிக்கரைப் பற்றிக்கொண்டது.

அந்த அச்சத்தின் பிள்ளைதான் சைபர்பங்க். 1982இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' திரைப்படம் 2019ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் காட்டியது. கட்டடச் சுவர் முழுதும் ஜப்பானியக் கோலம் பூண்ட பெண்ணின் விளம்பர உருவம் சிரிக்கும். கீழே, மழையில் நனைந்த தெருவோரக் கடையில் கதைத்தலைவன் மீ உண்பான். அப்படத்துக்கு மூலமான நாவலை 1968இல் எழுதியவரும் அதே பிலிப் கே. டிக்தான், படம் திரைக்கு வருமுன், 1982 மார்ச்சில் அவர் மறைந்துவிட்டார். 1984இல் வில்லியம் கிப்சன் எழுதிய 'நியூரோமான்சர்' நாவலோ, ஜப்பானின் சிபா நகரிலேயே தொடங்குகிறது. தன் முதலாளிகளிடம் திருடியதற்குத் தண்டனையாக நரம்பு மண்டலம் சிதைக்கப்பட்ட இளைஞன் ஒருவன், கள்ள மருத்துவரைத் தேடி அங்கே அலைகிறான். அவனை மீட்க வருவோரும் இலவசமாக மீட்பதில்லை; அவன் உடம்பையே பிணையாகப் பிடித்துக்கொண்டு வேலை வாங்குகின்றனர். வாளேந்திய ஜப்பானைக் கண்டு அஞ்சிய கற்பனை, கணினி ஏந்திய ஜப்பானைக் கண்டு அஞ்சத் தொடங்கிய வரலாறு இதுவே.

ஜப்பானியர் தம் வருங்காலத்தை அப்படிக் காணவில்லை என்பதும் நோக்கத்தக்கது. கட்சுஹிரோ ஓட்டோமோ 1982இல் தொடங்கிய 'அகிரா' படக்கதையில், பேரழிவில் சிதைந்த பழைய தோக்கியோவுக்கு அருகே புதிய தோக்கியோ எழுந்து நிற்கிறது. அங்கே வெற்றி முழக்கம் இல்லை. வழிதவறிய இளைஞரும், சோதனைக்கு ஆளாக்கப்பட்ட சிறுவருமே உள்ளனர். பிறர் அந்நாட்டின் வலிமையைக் கற்பனை செய்துகொண்டிருந்த வேளையில், அந்நாட்டார் 1945இன் சாம்பலை மறவாதிருந்தனர்.

கற்பனை இவ்வாறிருக்க, காலம் தன் வழியே சென்றது. 1989 டிசம்பர் 29ஆம் நாள் ஜப்பானியப் பங்குச் சந்தைக் குறியீடு 38,915 என்னும் உச்சத்தைத் தொட்டு, பின்னர்ச் சரிந்தது. அவ்வுச்சத்தை மீண்டும் கடக்க 2024ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஜப்பான் உலகை விலைக்கு வாங்கிவிடும் என்ற அச்சம் பொய்த்தது.

அமெரிக்கர்க்கு இவை யாவும் நடவாத வரலாறு. மலாயா மக்களுக்கோ இது நடந்த வரலாறு. டிக்கின் நாவல் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 'ஜப்பான் வென்ற உலகம்' என்பது ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்நகரின் பெயர் 'சியோனான்' என மாற்றப்பட்டது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு ஏற்ப 1½ மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. கடிகாரம் காலை 7 மணி காட்டும், வெளியே இருள் விலகியிராது. ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்குப் புகுந்தது. 1942ஆம் ஆண்டு 2602 ஆயிற்று. பள்ளிகளில் பிள்ளைகள் நிப்போங்கோ மொழி பயின்றனர். பேரரசர் இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்கினர். வாழைக்குலைப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு கைக்கு வந்தது. நாளடைவில் அது வெறும் காகிதம் ஆயிற்று. சோற்றுக்கு மாற்றாக மரவள்ளிக்கிழங்கு வந்தது.

ஊரின் பெயரும், நேரமும், ஆண்டும், பள்ளியின் மொழியும் ஒருசேர மாறிவிட்ட உலகத்தை எந்தக் கற்பனை எழுத்தாளன் இதனினும் தெளிவாகப் படைத்துவிட முடியும்? அக்காலத்து மாணவன் ஒருவன் மாற்று வரலாற்றைப் படிக்கவில்லை. அதற்குள் அமர்ந்து பாடம் படித்தான். 'ஜப்பான்காரன் காலம்' என்று முதியோர் சொல்லும் அந்த 3 ஆண்டு 8 மாதம் அத்தகையது.

அக்காலம் எல்லார்க்கும் ஒரே முகத்தைக் காட்டவில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்லுதல் வேண்டும். சிங்கப்பூர் வீழ்ந்த சில நாட்களிலேயே சீன ஆடவர் ஆயிரக்கணக்கில் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். தமிழருள் பலருக்கோ அதே ஆட்சியின் நிழலில் விடுதலைக் கனவு ஒன்று பிறந்தது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், தோட்டப்புற இளைஞர் இந்திய தேசிய இராணுவத்திலும், இளம்பெண்கள் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தனர். அதே தோட்டங்களிலிருந்துதான் சயாமுக்கும் ஆள் பிடிக்கப்பட்டனர்.

சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை, 1942-43இல் ஏறத்தாழ ஓராண்டுக்குள் காட்டையும் மலையையும் குடைந்து போடப்பட்டது. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகை அதனினும் பன்மடங்கு. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். போர்க்கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக, பெயர் பொறித்து, புல் வெட்டிப் பேணப்படுகின்றன. காலராவிலும் பசியிலும் வீழ்ந்த தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களே அவர்க்கு எழுத்தால் எழுப்பிய கல்லறைகள் எனலாம்.

இனி, கற்பனையையும் நடந்ததையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். டிக்கின் நாவலில் கடைக்காரர் உண்டு, அதிகாரி உண்டு. சைபர்பங்க் கதைகளில் கள்ளக் கணினியர் உண்டு, முதலாளி உண்டு. பாதை போட்டவன் அங்கே முகம் காட்டுவதில்லை. அக்கதைகளின் ஒளிரும் நகரங்களைத் தாங்கும் சில்லுகளை யார் கை இணைத்தது என்பதும் அங்கே பேசப்படுவதில்லை. அந்நாவல்கள் எழுதப்பட்ட அதே ஆண்டுகளில் அந்தக் கைகள் பினாங்கில் இருந்தன. 1972இல் பாயான் லெப்பாசில் தொடங்கப்பெற்ற தடையற்ற வாணிப வட்டாரத்தில் அமெரிக்க, ஜப்பானியத் தொழிற்சாலைகள் எழுந்தன. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த இளம்பெண்கள் அங்கே நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரிழை போன்ற கம்பிகளை இணைத்தனர். சயாம் காட்டின் கொடுமையோடு ஆலை வேலையை ஒப்பிடுதல் பொருந்தாது. கூலியும் விடுமுறையும் வீடு திரும்பும் வழியும் இவர்களுக்கு இருந்தன. ஆயினும் வல்லரசின் பெருங்கனவு எதுவாயினும், அதன் அடியில் இருப்பவர் கதையில் இடம்பெறுவதில்லை என்னும் முறைமை மட்டும் மாறவில்லை.

இதனைச் சொல்வது ஜப்பானியர்மீது வெறுப்பை வளர்ப்பதற்கு அன்று. 1982இல் மலேசிய அரசு கிழக்கை நோக்கும் கொள்கையை வகுத்து, உழைப்பையும் ஒழுங்கையும் ஜப்பானிடம் கற்குமாறு இளைஞரை அனுப்பியது; 1985இல் ஜப்பானியத் தொழில்நுட்பத்தின் துணையோடு புரோட்டோன் சாகா கார் சாலைக்கு வந்தது. ஆண்டவனிடம் அடிமையாகக் குனிந்த நாடு, நாற்பது ஆண்டுக்குள் மாணவனாக அவனிடம் சென்று நின்றது. பகையை மறப்பது பெருந்தன்மை. மாண்டவரை மறப்பது பெருந்தன்மை ஆகாது. இவ்விரண்டையும் பிரித்தறியும் பக்குவத்தை மாணவர்க்கு ஊட்டுவதே ஆசிரியர் கடமை.

அக்காலத்தை வாழ்ந்து கண்ட முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். பேரனுக்கு ஜப்பான் என்றால் படக்கதை. கொள்ளுத்தாத்தாவுக்கு அது திரும்பி வராத அண்ணன். இவ்விரு ஜப்பான்களுக்கும் இடையே பாலம் போட வகுப்பறையை விட்டால் வேறு இடம் இல்லை. அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டுவதில்லை. ஜப்பான் வென்ற உலகம் ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதுமாறு மேல்வகுப்பு மாணவரைப் பணிக்கலாம். நியான் விளக்கும் இயந்திரக் கையும் அதில் தாராளமாக இடம்பெறட்டும். எழுதி முடித்தபின், அந்த உலகத்தின் தண்டவாளங்களைப் போட்டவன் யார், அவன் எந்த ஊரான், அவன் வீட்டில் காத்திருப்பவர் யார் என்று மேலும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுதல் வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்காக மாணவன் தன் வீட்டுப் பெரியவரிடம் போய்க் கேட்க நேரும். உலக இலக்கியத்தில் இன்னும் எழுதப்படாத பக்கம் அதுவே. அதனை எழுதும் உரிமை தோட்டப்புறத்து வழித்தோன்றல்களுக்கே முதலில் உண்டு.